காலிங் பெல்லில் அப்பா பெயர்

ஜெர்மனியின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தெருவின் பெயர், கட்டட எண், அதோடு முகவரி முடிந்துவிடும். உள்ளே இருக்கும் பன்னிரண்டு வீடுகளில் உங்கள் வீடு எது என்பதைத் தபால்காரர் பெயரை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வாசலில் வரிசையாகக் காலிங் பெல், உள்ளே வரிசையாகத் தபால் பெட்டி, எல்லாவற்றிலும் குடும்பப் பெயர். பெட்டியில் பெயர் இல்லை என்றால் கடிதம் வராது. கடிதம் வராவிட்டால் வங்கி அட்டை, காப்பீட்டு அட்டை, வரி எண் எதுவும் வராது. எல்லாம் செல்பேசிக்குள் போய்விட்ட ஊரிலிருந்து வருகிறவனுக்கு இந்தக் காகித ராஜ்ஜியம் பிடிபடவே சில மாதம் ஆகும்.

2024 அக்டோபரில் நாமக்கல்லிலிருந்து ஆஹன் நகருக்கு உற்பத்திப் பொறியியல் மேற்படிப்புக்கு வந்தேன். பெல்ஜியமும் நெதர்லாந்தும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் எல்லை நகரம். இங்கே 1870-இல் தொடங்கிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒன்று இருக்கிறது. அறைத்தோழன் தூத்துக்குடிக்காரன், எனக்கு ஓராண்டு சீனியர். நான் விமானம் ஏறுவதற்கு முன்பே தபால் பெட்டியில் என் பெயரை எழுதி ஒட்டி வைத்திருந்தான். அவ்வளவு அக்கறை. ஆனால் வங்கியிலிருந்து வந்த ரகசிய எண் கடிதம், ‘இப்படி யாரும் இங்கே இல்லை’ என்று திரும்பிப் போய்விட்டது. அவன் ஒட்டியிருந்தது என் பெயர். கடிதம் வந்ததோ என் அப்பாவின் பெயருக்கு.

பாஸ்போர்ட் எடுத்தபோது, குடும்பப் பெயருக்கான கட்டத்தில் என் இனிஷியலை விரித்து அப்பா பெயரை நிரப்பினார் பேருந்து நிலையத்துப் பக்கத்து டிராவல்ஸ் அண்ணன். “வெளிநாடு போறவங்களுக்கு இது காலியா இருக்கக் கூடாதுங்க தம்பி” என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் அப்பாவுக்கு நடக்கிறது. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட தாளோடு போனால் பதிவாகிறவர் அப்பா. அடுத்து, வீட்டில் டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்ட வேண்டிய ஒலிபரப்புக் கட்டணத்துக்கான கடிதம் வருகிறது: வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, அன்புடன் அப்பாவுக்கு. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருடமாக மேஸ்திரியாக இருக்கும் மனிதர், தார்பாய் வாங்க சேலத்துக்குப் போவதையே வெளியூர்ப் பயணம் என்பவர், ஆஹனில் வரி எண்ணோடு வாழ்ந்துகொண்டிருக்கிறார்.

மருத்துவர் வீட்டில்தான் இது நன்றாக உறைத்தது. காத்திருக்கும் அறையில் நுழைகிறவர் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்கிறார்கள், அழகான பழக்கம். அப்புறம் மயான அமைதி. உதவியாளர் வந்து கதவருகே நின்று அப்பாவின் பெயரை மரியாதையோடு கூப்பிட்டார். ‘வே’யில் தொடங்கும் பெயர் இவர்கள் வாயில் ‘ஃபே’ ஆகிவிடும். அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட எங்கள் தெருவில் நான்கைந்து பேருக்குத்தான் உரிமை உண்டு. அம்மாகூடச் சொன்னதில்லை. இருமலும் சளியுமாக எழுந்து நின்றபோது, அவர் இடத்தில் நான் பொய்யாக வந்திருப்பது போல ஒரு கூச்சம்.

பேச்சில் மட்டும் நான் நானாக இருக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் கூட வேலை செய்கிறவர்கள், பக்கத்து அறைப் பெண், கால்பந்து ஆடும் பையன்கள் எல்லோரும் என் பெயரையே சொல்கிறார்கள். பேராசிரியருக்கும் கடிதங்களுக்கும் நான் அப்பா. நாளுக்குள் நாலு முறை ஆள் மாற வேண்டியிருக்கிறது.

பணமும் அவருடையதுதான். ஜெர்மன் விசா வேண்டுமானால் ஓராண்டுச் செலவை முன்கூட்டியே ஒரு முடக்கப்பட்ட கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. பத்து லட்சம் ரூபாய்க்கு மேல். வந்து சேர்ந்த பிறகு அதிலிருந்து மாதம் 992 யூரோவை எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் ஒரு காசு தொட முடியாது. படிப்புக்குக் கட்டணம் இல்லை என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் அது உண்மைதான். பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலமோ 2017-லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஆனால் அறை வாடகை, கட்டாயக் காப்பீடு, அரிசி என்று போனால் 992 மாதக் கடைசியைத் தொடுவதில்லை. வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கிய கல்விக்கடனை யூரோவாக மாற்றித் தின்றுகொண்டிருக்கிறோம் என்ற நினைப்பு, கடையில் தக்காளியைத் தராசில் வைக்கும்போதுகூடப் போகாது.

ஆகவே எல்லோரும் வேலை தேடுகிறோம். 2024 மார்ச்சிலிருந்து வெளிநாட்டு மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாளோ 280 அரை நாளோ வேலை செய்யலாம். தூத்துக்குடிக்காரன் சரக்குக் கிடங்கில் இரவுப் பணி. எனக்கு ஆய்வுக்கூடத்தில் வாரம் பத்து மணி நேரம், வெட்டுளிகளின் தேய்மானத்தை நுண்ணோக்கியில் அளந்து பதியும் வேலை. காலி பாட்டிலுக்கும் இங்கே விலை உண்டு. தண்ணீர் வாங்கும்போதே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் பிடித்துக்கொள்வார்கள். கடை இயந்திரத்தில் திருப்பிப் போட்டால் சீட்டு வரும். விடுதியில் விருந்து நடந்த மறுநாள் காலையில் சீக்கிரம் எழுகிறவன் புத்திசாலி.

அந்த மறுநாள் ஞாயிறாக இருந்தால் சீட்டு வாங்கக் கடை திறந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள் என்பது 1919-ஆம் ஆண்டின் வைமார் அரசியல் சட்டத்தில் எழுதப்பட்டு, 1949-இல் அப்படியே இன்றைய அரசியல் சட்டத்துக்குள் எடுத்துக்கொள்ளப்பட்டது. சனி இரவுக்குள் பால் வாங்காதவனுக்குத் திங்கள் காலை வரை கடுங்காப்பி. முதலில் எரிச்சலாக இருந்தது; இப்போது நாமக்கல்லுக்கும் இப்படி ஒரு நாள் வேண்டும் என்று தோன்றுகிறது. அப்பா ஞாயிற்றுக்கிழமையும் பட்டறைக்குப் போகிறவர்.

வகுப்பு முடிந்ததும் கை தட்டமாட்டார்கள், மேசையை விரல் முட்டியால் தட்டுவார்கள். வருகைப் பதிவு பெரும்பாலும் இல்லை. வா என்றும் யாரும் சொல்வதில்லை, ஏன் வரவில்லை என்றும் கேட்பதில்லை. பருவம் முழுக்கத் தாயாதி வீட்டு விருந்தாளி போல விட்டுவிட்டு, கடைசியில் ஒரே தேர்வில் எல்லாவற்றையும் கேட்பார்கள். மூன்று வாய்ப்பு. மூன்றாவதிலும் போனால் அந்தப் படிப்பை விட்டுப் போக வேண்டியதுதான். ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்திலும் அதே படிப்பில் சேர முடியாது. ஆனால் திருத்திய விடைத்தாளைக் காசில்லாமல் காட்டுவதற்கென்று ஒரு நாள் வைப்பார்கள். போய் உட்கார்ந்து, இந்த வரிக்கு ஏன் மதிப்பெண் இல்லை என்று வாதாடலாம். நான் வாதாடி இரண்டு மதிப்பெண் வாங்கினேன். ஊரில் ஒரு பேராசிரியரிடம் இப்படிப் பேசியிருந்தால் உள்மதிப்பீட்டில் கை வைத்திருப்பார்.

இங்கே 1.0 தான் உச்சம், 4.0 கரை, 5.0 தோல்வி. முதல் பருவ முடிவைச் சொன்னபோது போனில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“ஒன்னு புள்ளி ஏழா? நூத்துக்கு எத்தன கண்ணு அது?”

“நூத்துக்கெல்லாம் இல்லீங்கப்பா. கொறைவா இருந்தாத்தான் நல்லது.”

“கொறைவா இருந்தா நல்லதா? அப்ப பட்டறைல சம்பளம் போடறவன் அங்க படிச்சவந்தான்.”

2023-24 கல்வியாண்டில் ஜெர்மனியில் ஏறத்தாழ 49,000 இந்திய மாணவர்கள் இருந்தார்கள். வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்தான் அதிகம். சென்னை ஐஐடி 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கியது; அன்று அவர்கள் நம்மிடம் வந்தார்கள். இன்று நாங்கள் சாம்பார் பொடியோடு வந்து, தாளிக்கும்போது நடைபாதையின் புகை எச்சரிக்கை மணியை அலறவிடுகிறோம்.

பருவக் கட்டணத்தோடு நாடு முழுவதற்குமான பயணச்சீட்டும் வந்துவிடுவதால், உள்ளூர் வட்டார ரயில்களில் செலவில்லாமல் போகலாம். ஆஹனில் ஆர்.ஈ.1 வண்டியில் ஏறினால் கொலோன், டியூசல்டார்ஃப், டார்ட்மண்ட் தாண்டிக் கடைசி நிறுத்தம் ஹம். அங்கிருந்து பஸ் பிடித்தால் தொழிற்சாலைகளுக்கும் மின்நிலையத்துக்கும் பக்கத்தில் காமாட்சி அம்பாள் கோவில். இலங்கைத் தமிழர்கள் கட்டியது, 2002-இல் குடமுழுக்கு. 2025 ஜூனில் தேருக்குப் போனேன். அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். என் பெயரைச் சொன்னேன். இந்த நாட்டில் என்னிடம் அதை மட்டும் கேட்டு, அதோடு திருப்திப்பட்ட ஒரே இடம்.

அன்னதானப் பந்தலில் பக்கத்தில் உட்கார்ந்த அக்கா விசாரித்தார். “தம்பி எவடம்? இந்தியாவோ?” சொன்னேன். கடிதம் திரும்பிப் போன கதையையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எதிரே ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த மகனைக் காட்டினார்.

“இவருக்குப் பின்னால வாறது அவற்ற அப்பப்பான்ர பேர். என்ர அவர் அகதியா வந்து பதியேக்க தகப்பன்ர பேரைக் குடும்பப் பேர் எண்டு எழுதிப்போட்டினம். பிறகு எனக்கும் அதுதான், பிள்ளையளுக்கும் அதுதான். அப்பப்பா ஊரிலயே செத்துப்போனார், இவர் கண்டதே இல்லை. பள்ளிக்கூடத்தில ஒவ்வொரு நாளும் அவற்ற பேரைத்தான் கூப்பிடுகினம்.”

படிப்பு முடிந்தால் வேலை தேடப் பதினெட்டு மாதம் விசா தருவார்கள். வேலை கிடைத்தால் இங்கேயே இருப்பேனா என்று தெரியாது. இருந்தால், நாமக்கல் மேஸ்திரி ஒருவரின் பெயர் இன்னும் இரண்டு தலைமுறைக்குக் கடிதம் வாங்கும்.

இதையெல்லாம் அன்றிரவு அப்பாவிடம் சொன்னேன். பெருமைப்படுவார் என்று ஒரு நினைப்பு.

“அட நீ வேற. இங்க அந்தக் கடன் உம்பேர்லதான கண்ணு இருக்குது? பேங்க்குக் காயிதமெல்லாம் உம்பேருக்கே வருது. புதுசா வந்த போஸ்ட்மேன் பையன் வாசல்ல நின்னு உம்பேரச் சொல்லி என்னையக் கூப்பிடறான். நானும் போயிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறேன்.” அப்புறம் குரல் மாறியது. “நேத்து வந்த காயிதத்துல வட்டி அரை பர்சென்ட் கொறைச்சிருக்கறதாப் போட்டிருக்குது. அது நெசமான்னு கொஞ்சம் நெட்டுல பாத்துச் சொல்லு.”