ஆற்றின் கீழே, வீடுகளின் கீழே

கல்கத்தா நகருக்குச் செல்லும் நம்மவர் பலரும் முதலிற் காண விரும்புவது பேலூர் மடத்தையே. 1897ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு எழுந்தருளி உரையாற்றிய சுவாமி விவேகானந்தர் நிறுவிய மடமல்லவா அது! நானும் அவ்விருப்பத்துடனேயே சென்றேன். மடத்தைத் தரிசித்துவிட்டு ஹௌராப் புகையிரத நிலையத்துக்கு வந்தபோது மாலை நான்கு மணியாகிவிட்டது. எதிரே ஹூக்ளி நதி மண்ணிறமாய்ப் பெருகிக்கொண்டிருந்தது. வங்க மக்கள் அதனைக் கங்கையென்றே போற்றுவர். அதன்மீது 1943ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஹௌராப் பாலத்தில் வண்டிகளும் மனிதரும் தலைச்சுமைகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நகர்ந்தன.

"பாலத்தாற் போவோமா, படகிற் போவோமா?" என்று வினவினேன். என்னை அழைத்துச் சென்ற நண்பர் தமிழர் மிகுதியாக வாழும் லேக் மார்க்கெற் பகுதியில் நெடுங்காலமாகக் குடியிருப்பவர். அவர் சிரித்தார். "இரண்டும் வேண்டாம் ஐயா, ஆற்றின் கீழே போவோம்" என்றார்.

நகரும் படிகளில் இறங்கினோம், இறங்கிக்கொண்டேயிருந்தோம். ஹௌரா மெற்றோ நிலையம் ஏறக்குறைய 33 மீற்றர் ஆழமுடையது. ஓங்கி வளர்ந்த நம்மூர்ப் பனையொன்றை அதனுள் நிறுத்தினாலும் ஓலை வெளியே தெரியாது. மேடையின் ஓரத்திற் கண்ணாடிக் கதவுகள். வண்டி வந்து நின்றபின்னரே அவை திறந்தன. நாங்கள் ஏறி அமர்ந்த சிறிது நேரத்திற் சுரங்கச் சுவரில் நீல விளக்குகள் தோன்றின. நதியின் அடியில் 520 மீற்றர் தூரத்தைக் கடக்கிறோம் என்பதற்கு அவையே அடையாளம். நாற்பத்தைந்து வினாடிகளில் எல்லாம் முடிந்துவிட்டது. எதிரே இருந்த மூதாட்டியொருவர் மட்டும், தலைக்குமேல் ஓடும் கங்கையை நினைந்து கைகூப்பினார். ஏனையோர் கைப்பேசியினின்று கண்ணெடுக்கவில்லை. அவர்கள் அவ்வாறு கவலையின்றி இருந்தது, இப்பாதையைச் சமைத்தோருக்குக் கிடைத்த நற்சான்று என்றே எனக்குத் தோன்றியது.

அந்த நாற்பத்தைந்து வினாடிகளின் பின்னே நூறாண்டுக் கதையொன்று உண்டு. ஹூக்ளியின் கீழே புகையிரதப் பாதை அமைக்கலாம் என்று 1921ஆம் ஆண்டிலேயே திட்டம் வகுத்தவர் சேர் ஹார்லி டால்றிம்பிள்-ஹே என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர். பணமின்மையால் அத்திட்டம் ஏட்டளவில் நின்றது. பின்னர் 1931ஆம் ஆண்டில் மின்கம்பிகளைக் கொண்டுசெல்லும் சிறு சுரங்கமொன்றை அவர் அந்நதியின் கீழே அமைத்து முடித்தார். இந்தியாவின் முதலாவது நிலக்கீழ் இரயில், 1984ஆம் ஆண்டு ஒக்ரோபர் 24ஆம் திகதி இதே நகரில், எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை 3.4 கிலோமீற்றர் ஓடிற்று. அது வடக்குத் தெற்காகச் செல்லும் பாதை. நமது யாழ்தேவி ஓடும் அதே 1,676 மில்லிமீற்றர் அகலப் பாதை. நாங்கள் சென்றதோ கிழக்கு மேற்காக, ஹௌரா மைதானத்தையும் சோல்ற் லேக் பகுதியையும் இணைக்கும் 16.6 கிலோமீற்றர் நீளமான புதிய பாதை. அதன் அகலம் 1,435 மில்லிமீற்றர்.

ஆற்றின் கீழே துளைப்பது எங்ஙனம்? முற்காலத்திற் போல ஆட்கள் மண்வெட்டியுடன் இறங்கவில்லை. பெரிய உருளை வடிவான இயந்திரமொன்று, முகத்திலுள்ள சக்கரத்தைச் சுழற்றி மண்ணை அரிந்துகொண்டு முன்னேறும். அரிந்த மண்ணை உடனே வெளியேற்றிவிடாது; முகத்துக்குப் பின்னாலுள்ள அறையில் அடைத்து வைத்திருக்கும். வெளியிலுள்ள மண்ணும் நீரும் எவ்வளவு விசையோடு அழுத்துகின்றனவோ, உள்ளேயுள்ள மண்ணும் அவ்வளவு விசையோடு எதிர்த்து அழுத்தவேண்டும். உள்ளழுத்தம் குறைந்தால் மேல்நிலம் தாழும். மிகுந்தால் மேல்நிலம் பொங்கும். எனவே அவ்வியந்திரத்தை ஒரு பெருந் தராசு என்றே சொல்லலாம். அது முன்னேற முன்னேற, பின்னாற் கொங்கிறீற் வளையங்கள் பொருத்தப்படும். வளையங்களின் இணைப்பில், நீர் பட்டால் ஊறிப் பருத்து வழியை அடைக்கும் பட்டிகள் வைக்கப்படும். இவ்வாறு, ஆற்றுப்படுகைக்குச் சுமார் 13 மீற்றர் கீழே, இரண்டு சுரங்கங்களும் 2017ஆம் ஆண்டு ஏப்பிரலில் தொடங்கி ஜூன் மாதத்தில் நதியைக் கடந்துவிட்டன.

ஆற்றைக் கடந்தாயிற்று, இனி என்ன தடை என்று யாவரும் எண்ணியிருப்பர். தடை தரையின் கீழே காத்திருந்தது.

நாங்கள் சியால்தா நிலையத்தில் இறங்கி, வந்த திசையை நோக்கி மேலே தெருவழியே நடந்தோம். அவ்வழியிலுள்ளது பௌபஜார், பொற்கொல்லரும் நகைக்கடைகளும் நெருங்கிய பழைய பகுதி. சந்துகள் இரண்டுபேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கவேண்டிய அகலமே உள்ளவை. வீடுகளோ நூறாண்டு கடந்த செங்கல் வீடுகள். 2019ஆம் ஆண்டு ஆகஸ்ற் 31ஆம் திகதி மாலை, இவ்வீடுகளின் கீழே சென்றுகொண்டிருந்த 'சண்டி' என்னும் இயந்திரம் நீர் பொதிந்த மணற்படையொன்றை முட்டியது. நீரும் மணலும் சுரங்கத்துள் பாய்ந்தன. கீழே மணல் போகப்போக மேலே நிலம் தாழ்ந்தது. சுவர்கள் பிளந்தன, சில வீடுகள் இடிந்து வீழ்ந்தன. நூற்றுக்கணக்கானோர் உடுத்த உடையோடு விடுதிகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

சந்தொன்றின் வாயிலில் நண்பருக்கு அறிமுகமான பொற்கொல்லர் ஒருவரின் சிறு கடை இருந்தது. "வாருங்கள், தாதா" என்று அவர் நண்பரை வரவேற்று, எனக்கும் மண்கோப்பையில் தேநீர் தருவித்தார். அந்த மாலையைப் பற்றிக் கேட்டேன். அவர் அலுமாரியைத் திறந்து, தகப்பனார் காலத்துத் தட்டுத் தராசொன்றை எடுத்துவைத்தார். அவர் வங்க மொழியிற் சொன்னதை நண்பர் தமிழாக்கினார்.

"அப்போது எங்கள் பட்டறை உள்ளேயிருந்த வீட்டில் இருந்தது. அன்று மாலை இந்தத் தராசின் முள் நடுவில் நிற்க மறுத்தது. தட்டிலோ ஒன்றுமில்லை. துடைத்துப் பார்த்தேன், மேசையை நகர்த்திப் பார்த்தேன். பிறகுதான் சுவரில் மயிரிழைபோல ஒரு கோடு தெரிந்தது. தராசு பிழைக்கவில்லை, தாதா, வீடுதான் சாய்ந்தது. அம்மாவைத் தூக்கிக்கொண்டு வெளியேறினோம். கையில் எடுத்தது இதுவொன்றே."

அவருடைய குடும்பம் இன்னும் நகரின் வேறொரு பக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறது. தாயார் பழைய வீட்டைக் காணாமலே காலமாகிவிட்டார். "வண்டி ஓடுவதிற் கோபமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "என் மகன் அதிலேதான் கல்லூரிக்குப் போகிறான்" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

சிக்கிய 'சண்டி' மீண்டும் ஓடவில்லை. அடுத்த சுரங்கத்தைத் துளைத்த 'ஊர்வி' என்னும் துணை இயந்திரம், தன் வேலையைச் சியால்தா வரை முடித்தபின் திரும்பி வந்து, சண்டி விட்ட மிகுதியைத் துளைத்தது. ஆயினும் 2022ஆம் ஆண்டு மே மாதத்திலும் ஒக்ரோபரிலும் அங்கே மீண்டும் நீர் கசிந்து வீடுகள் வெடித்தன. இதனாற் பாதையின் இரு முனைகளும் முந்திக்கொள்ள, நடுப்பகுதி பிந்தியது. கிழக்குப் பகுதி 2020 பெப்ரவரியிற் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. ஆற்றின் கீழான பகுதி 2024 மார்ச்சில். எஸ்பிளனேடுக்கும் சியால்தாவுக்கும் இடைப்பட்ட சுமார் இரண்டரைக் கிலோமீற்றரோ 2025 ஆகஸ்ற் 22ஆம் திகதியிலேதான். நதியைக் கடக்க மூன்று மாதம் போதவில்லையென்று எவரும் சொல்லவில்லை. ஒரு சந்தைக் கடக்க ஆறாண்டு சென்றது.

பாதை அமைந்துவிட்டால் உடனே பயணிகளை ஏற்றிவிடலாமா? ஆகாது. 2023ஆம் ஆண்டு ஏப்பிரல் 12ஆம் திகதி, அதிகாரிகளையும் பொறியியலாளரையும் மட்டும் ஏற்றிக்கொண்டு வண்டியொன்று முதன்முறையாக ஹூக்ளியின் கீழே சென்றது. அவ்வண்டி அங்கு வந்துசேர்ந்த விதத்தையும் அறியவேண்டும். பணிமனை கிழக்கு முனையில் இருந்தது. நடுவிலே பௌபஜார்ச் சுரங்கத்தில் வண்டிக்கு மின்சாரம் ஊட்டும் மூன்றாந் தண்டவாளம் இயங்கவில்லை. ஆகவே மின்கல இயந்திரத்தைப் பூட்டி அவ்வண்டியை அப்பகுதியூடாக இழுத்துச் சென்றனர். அந்த ஓட்டத்தின் பின்னரும் பயணிகள் பதினொரு மாதம் காத்திருந்தனர்.

அம்மாதங்களில் நடப்பது என்ன? இத்தகைய வண்டிகளில் மனிதருக்குப் பதிலாக மணல்மூட்டைகளை ஏற்றி, அவை எவ்வளவு அசைகின்றன, எத்தனை மீற்றரில் நிற்கின்றன என்று அளப்பர். வண்டிக் கதவும் மேடைக் கதவும் நேருக்குநேர் பொருந்துகின்றனவா, மின்சாரம் அற்றாற் பயணிகள் வெளியேற வழியுண்டா, புகை சூழ்ந்தால் விசிறிகள் அதனை அகற்றுமா என்றெல்லாம் சோதிப்பர். ஈற்றில் இரயில் பாதுகாப்பு ஆணையாளர் வந்து பார்த்து இசைவளிக்கவேண்டும். இந்தியாவில் அவர் இரயில்வே அமைச்சின்கீழ் உள்ளவரல்லர். விமானப் போக்குவரத்து அமைச்சின்கீழ் உள்ளவர். பாடம் சொன்ன ஆசிரியனே வினாவும் குறித்து விடையும் திருத்தினால், மாணவன் தேறுவான், கல்வி தேறுமோ? ஆசிரியத் தொழிலில் இருக்கும் எனக்கு இவ்வேற்பாடு பெரிதும் பிடித்திருந்தது.

ஆயினும் பொற்கொல்லரின் கடையில் இருந்தபோது வேறொன்றும் மனத்திற் பட்டது. வண்டியைச் சோதிக்கிறோம், தண்டவாளத்தைச் சோதிக்கிறோம். இவையாவற்றுக்கும் முன்னே சோதிக்கப்படவேண்டியது மேலே குடியிருப்போரின் நிலம். வீட்டுச் சுவர்களில் அளவுக்கருவிகளைப் பதித்துச் சாய்வையும் வெடிப்பையும் நாள்தோறும் குறிக்கும் வழக்கம் இத்துறையில் உண்டு. அவற்றின் கணக்கைப் பொறியியலாளர் மட்டுமன்றி, வீட்டுக்குரியோரும் கேட்டறியத்தக்கதாக இருத்தல் நன்று. ஆற்றுக்கு அஞ்சி நாம் எடுத்த கவனத்தை அயலவரின் வீட்டுக்கும் எடுப்பதே முறை. நாளை நம் நாட்டிலும் இத்தகைய வேலைகள் நடைபெறலாம். அன்று அவற்றை முன்னின்று நடத்தப்போகும் மாணவர்கள் இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

விடைபெறும்போது பொற்கொல்லர் தராசைத் தூக்கிக் காட்டினார். முள் நடுவில் நின்றது.

லேக் மார்க்கெற்றுக்குச் செல்லும் வண்டியை எஸ்பிளனேடிற் பிடிக்கவேண்டியிருந்தது. சியால்தாவில் மீண்டும் ஏறினோம். வண்டி விரைந்தது. இங்கே நீல விளக்குகள் இல்லை. பௌபஜார் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று அறிய யாதோர் அடையாளமும் இல்லை. மாலையில் அந்த மூதாட்டி நதிக்குக் கைகூப்பியதை எண்ணிக்கொண்டேன். நண்பர் வியப்புடன் பார்க்க, என் கைகளும் தாமாகக் குவிந்தன.