அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்

விக்கிப்பீடியாவில் ஒரு காலத்தில் மொழிக்கு மொழி தனிக் கணக்கு இருந்தது. தமிழில் ‘மீனா’ ஒருவர், ஆங்கிலத்தில் அதே பெயரில் எழுதுபவர் வேறொருவர் என்று இருக்கலாம். 2015 ஏப்ரலில் எல்லாக் கணக்குகளையும் ஒன்றாக்கி முடித்தபோது ஒரு பெயர் ஒருவருக்குத்தான் என்றானது. மற்றவரின் பெயருக்குப் பின்னால் ஓர் அலைக்கோடும் அவர் எழுதிய தளத்தின் குறியீடும் ஒட்டிக்கொண்டன.

இதைப் படித்தபோது எனக்கு அம்மாதான் நினைவுக்கு வந்தார். அம்மாவின் பெயரும் அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயரும் ஒன்று. மாமியாரின் பெயரைச் சொல்லி மருமகளை எப்படி அதட்டுவது? கல்யாணமாகி வந்த வாரமே அம்மாவுக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள். எந்தப் பெயர் பிடிக்கும் என்றுகூட யாரும் கேட்கவில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் தாத்தாவின் உயிலிலும் பழைய பெயர். ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் புதுப் பெயர். தன் பங்கு நிலத்தைப் பெற, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரியிடம் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. “நான்தான் நான்னு நானே சத்தியம் பண்ணணுமாடி?” என்று கேட்டார்.

அம்மாவுக்குக் கிடைக்காத சில நியாயங்கள் விக்கிப்பீடியாவில் இருந்தன. முன்கூட்டியே தகவல் சொன்னார்கள். பிடித்த வேறு பெயரைக் கேட்டுப் பெற முடிந்தது. அதுவரை எழுதியதெல்லாம் புதுப் பெயரோடு கூடவே வந்தது. பெயர் மாறினாலும் உழைப்பு யாருடையது என்பதில் குழப்பமில்லை.

ஆனால் பெயர் யாருக்கு என்று முடிவுசெய்ததில், யார் அதிகம் தொகுத்தார் என்ற கணக்கு முக்கியமாக இருந்தது. பார்க்க நடுநிலையான அளவுகோல்தான். 2011இல் விக்கிமீடியா எடுத்த கணக்கெடுப்பில் தொகுப்பவர்களில் பெண்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. சமையலும் பிள்ளைகளும் முடிந்து இரவு பதினொரு மணிக்கு உட்காருகிறவளின் எண்ணிக்கையும், மாலை முழுவதும் தனக்கென்று வைத்திருப்பவரின் எண்ணிக்கையும் எப்படி ஒன்றாகும்? எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் நேரம் உள்ளவருக்கே பெயரும் போகும். முதலில் வந்தவருக்கு என்றாலும் அதே கதைதான். புகுந்த வீட்டில் மருமகள் எப்போதும் பிறகு வந்தவள்.

நான் படித்த பள்ளியில் ஒரே வகுப்பில் இரண்டு கவிதாக்கள் இருந்தார்கள். டீச்சர் இருவருக்கும் இனிஷியல் சேர்த்தார்: கே.கவிதா, எஸ்.கவிதா. யார் முதலில் சேர்ந்தாள், யார் நன்றாகப் படிக்கிறாள் என்று பார்க்கவில்லை. வெறும் ‘கவிதா’ யாருக்கும் இல்லை. இழப்பு இருவருக்கும் ஓர் எழுத்துதான்.

ஒரே பெயரில் இருவர் வந்து சேருமிடம் எதுவானாலும், வீடோ சங்கமோ இணையமோ, இந்த வழி இருக்கிறது. இருவரையும் உட்காரவைத்துக் கேட்கலாம். விட்டுக்கொடுப்பதானால் இருவரும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். புதிதாக வந்தவள் மட்டும் தன் பெயரைத் தொலைக்க வேண்டியதில்லை.