ரிட்டையராகாதவர்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவரைப் பார்த்து, "இனிமேல் என்ன, நிம்மதியாக உட்காரலாம்" என்று சொல்வது நம் வழக்கம். யாரிடம் வேண்டுமானாலும் இதைச் சொல்லலாம்; இன்ஜினீயரிடம் மட்டும் சொல்லக் கூடாது. அயனம்பாக்கத்தில் குடியிருக்கும் எனக்கு இந்த விஷயத்தில் அநுபவம் கொஞ்சம் அதிகம். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் வந்தது. ஆவடித் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி 1965-ல் வெளிவந்தது. இந்த வட்டாரத்து ஆலைகளில் உழைத்து ஓய்ந்தவர்கள் வீடு கட்டிக்கொண்ட ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று. காலையில் உலாவப் போனால், பென்ஷன் வாங்கும் இன்ஜினீயர் ஒருவரையாவது சந்திக்காமல் வீடு திரும்ப முடியாது.

அடுத்த தெருவில் ஒருவர் இருக்கிறார். சர்ச்சில் ஒலிபெருக்கி மக்கர் செய்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டாலும் அவர்தான். பேரனின் கணக்குப் பாடமும் அவர் தலையில். அடைமழை பிடித்துக்கொண்டால் குடையும் கையுமாக ஏரிக்கரையில் போய் நின்றுவிடுவார். கலங்கலில் தண்ணீர் எத்தனை விரற்கடை போகிறது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

"நீங்கள்தான் ரிட்டையர் ஆகிவிட்டீர்களே சார்?" என்று ஒரு நாள் கேட்டு வைத்தேன்.

"நான் ஆயிட்டேன் சார். ஏரி ஆகலையே!" என்றார்.

இந்தப் பதில் எனக்கு இன்னொரு பென்ஷன் இன்ஜினீயரை நினைவுபடுத்தியது. குடும்பம், சர்ச், பொதுக்காரியம் என்ற இதே மூன்றோடு முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஓய்வுக்காலத்தைக் கழித்தவர். 1899-ல், தொண்ணூற்றாறாவது வயதில், காலமானார். பெயர் ஆர்தர் காட்டன்.

காட்டன் துரையைத் தஞ்சாவூர்க்காரர்களும் ஆந்திரர்களும் சொந்தம் கொண்டாடுவார்கள். எங்களுக்கும் ஒரு சின்னப் பாத்தியதை உண்டு. சாலை போடுவதற்கான கல்லைச் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குக் கொண்டுவர 1837-ல் ஒரு தண்டவாளப் பாதை போட்டார்கள். பம்பாய்க்கும் தாணாவுக்கும் ரயில் ஓடியது அதற்குப் பதினாறு வருஷம் கழித்துத்தான். செங்குன்றத்துப் பாதை வேலையில் காட்டனுக்குப் பங்கு உண்டு. பின்னாளில் ரயிலைவிட வாய்க்கால்தான் இந்த நாட்டுக்கு உடனடித் தேவை என்று வாழ்நாளெல்லாம் வாதாடியவரும் அவரேதான்!

அவர் காவேரிக்கு வந்தபோது, கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்துகொண்டே போய், தண்ணீரெல்லாம் அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. காவேரியோ மணல் மேடிட்டுக் கிடந்தது. 1836-ல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே அணை எழுந்தது. தஞ்சை ஜில்லா பிழைத்தது. பிறகு 1847-லிருந்து 1852-க்குள் தவளேஸ்வரத்தில் கோதாவரி அணை. ஆழம் காண முடியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கல்லணை கட்டிய பழைய தமிழர்களிடமிருந்தே கற்றுக்கொண்டோம் என்று அவர் எழுதி வைத்தார். ஆளவந்த இனத்தைச் சேர்ந்தவர் ஆளப்பட்டவர்களைக் குருவாக ஒப்புக்கொள்வதற்குத் தனி மனசு வேண்டும்.

1861-ல் ஸர் பட்டம் வந்தது. உத்தியோகம் முடிந்தது. கடைசி முப்பது வருஷம் போல இங்கிலாந்தில் டார்க்கிங் என்ற சிற்றூரில் மனைவியோடும் மக்களோடும் வாழ்ந்தார். வாலிபத்திலேயே ஆழ்ந்த தெய்வபக்தி கொண்டவர் அவர். மகள் எலிசபெத், கூலிக்காரர்கள் சாராயக் கடைக்குப் போகாதிருக்க அந்த ஊரிலே ஒரு காப்பிக் கடை திறந்தாள். நம் பக்கத்துப் பெரியவர்களாக இருந்தால், "ஜெனரல் வீட்டுப் பெண் காப்பிக் கடை வைப்பதாவது!" என்று குதித்திருப்பார்கள். தகப்பனார் காலமான மறு வருஷம், 1900-ல், அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டவளும் இந்தப் பெண்தான்.

இதோடு நின்றிருந்தால் அவர் நல்ல பென்ஷன்காரர், அவ்வளவுதான். ஆனால் 1876-லிருந்து 1878 வரை தென்னிந்தியாவைத் தாது வருஷப் பஞ்சம் சூறையாடியது. மாண்டவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். ரயில் ஓடிய ஊர்களிலும் ஜனங்கள் பட்டினியால் விழுந்தார்கள். தானியம் வந்து இறங்கினாலும் அதை வாங்கக் கையில் காசு வேண்டுமே! வாய்க்கால் பாய்ந்த கோதாவரிப் பக்கமோ தப்பித்தது. கிழவர் பொறுக்கவில்லை. கூட்டங்களில் பேசினார், துண்டுப் பிரசுரங்களாக எழுதித் தள்ளினார். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் அவர் பக்கம் நின்றார். 1878-ல் பார்லிமெண்டுக் கமிட்டி அவரைக் கூப்பிட்டு, எழுபத்தைந்து வயதுக் கிழவர் என்றும் பாராமல் குறுக்கு விசாரணை செய்தது.

கமிட்டியின் கையில் ஓர் அஸ்திரம் இருந்தது. காட்டன் ஊக்குவித்த கர்நூல்-கடப்பைக் கால்வாய், முதலீட்டுக்குத் தகுந்த வருமானம் தரவில்லை. 1882-ல் சர்க்காரே அதை விலைக்கு வாங்கும்படி ஆயிற்று. லாபக் கணக்கில் துரை கொஞ்சம் கனவு கண்டார் என்பது நிஜம். ஆனால் பவுன் ஷில்லிங்கில் தவறிய அந்த மனிதர், மனித உயிர்க் கணக்கில் தவறவில்லை. தண்ணீரைத் தேக்கி வைக்காத நாடு பிள்ளைகளைப் பலி கொடுக்கும் என்பதே அவர் வாதத்தின் சாரம். பலி கொடுத்துவிட்டுத்தான் நாம் அதைப் புரிந்துகொண்டோம்.

கமிட்டி கேட்கவில்லையே என்று அவர் சாய்வு நாற்காலியில் சாய்ந்துவிடவும் இல்லை. தோட்டத்து மண்ணை ஆழக் கிளறிக் கோதுமை போட்டு, விளைச்சலை அளந்துகொண்டிருந்தார். ஆற்றை மறிக்க இனி யாரும் தன்னைக் கூப்பிடப் போவதில்லை என்று தெரிந்திருக்கும். அதனால் நாலு முழ மண்ணையாவது திருத்தலாம் என்று எண்ணினாரோ என்னவோ!

அவர் சொன்னவற்றில் ஒன்று எங்கள் ஊருக்கென்றே சொன்னதுபோல் இருக்கிறது. புது வேலை இருக்கட்டும், முன்னோர் வெட்டிய ஏரி குளங்களை மராமத்துக்கூடச் செய்யாமல் விட்டோமே என்று 1854-லேயே தம் சர்க்காரைச் சாடினார். சென்னைக்கு மேற்கே உள்ள ஏரிகள் ஒன்றோடொன்று கைகோத்தவை. மேல் ஏரி நிரம்பி வழிந்தால் கீழ் ஏரிக்கு. நடுவே வாய்க்காலை அடைத்து மனை போட்டால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பர் வெள்ளம் காட்டியது. நாலே வருஷத்தில், 2019 கோடையில், ஏரிகள் வறண்டு நகரமே குடத்தோடு லாரிக்குக் காத்துக் கிடந்தது. முக்கொம்பில் 2018 ஆகஸ்டில் ஒன்பது மதகுகள் வெள்ளத்தோடு போயின. கட்டியவர் போய்விடலாம், கவனிக்கிறவர் போய்விடக் கூடாது.

கோதாவரிக் கரையில் காட்டனுக்குச் சிலைகள் இருக்கின்றன. நீராடும்போது சங்கல்பத்தில் அவர் பெயரைச் சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு என்கிறார்கள். அத்தனை பெருமை எல்லா இன்ஜினீயருக்கும் கிட்டாது. குடும்பத்தையும் கோயிலையும் கவனித்த கையோடு ஊரின் வாய்க்காலையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு யாரும் சிலை வைப்பதில்லை. மழை கொட்டிய மறுநாள் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை என்றால், அவர்களில் யாரோ ஒருவர் முந்தின நாள் நனைந்திருக்கிறார் என்று அர்த்தம்.