இருட்டில் தெரியும் மணி

வளைகுடாவிலிருந்து வந்த சீக்கோ 5 வாட்ச்சில் நள்ளிரவு தாண்டினால் ஒன்று நடக்கும். கிழமைச் சில்லில் ஒவ்வொரு நாளும் இரண்டு தடவை அச்சிட்டிருக்கும், ஆங்கிலத்தில் ஒன்று, அரபியில் ஒன்று. நாம் ஆங்கிலத்தில் வைத்திருந்தாலும், அடுத்த நாளுக்குப் போகிற சில்லு அரபியைக் கடந்துதான் போகவேண்டும். கொஞ்ச நேரம் அந்தச் சின்ன ஜன்னலில் அரபி எழுத்து நிற்கும். விடியுமுன் ஆங்கிலம் வந்துவிடும். இலங்கையில் மாத்தளைக்கு அருகே ரத்தோட்டை, எல்கடுவைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் பல கைகளில் அந்த எழுத்து இப்படி வந்து போயிருக்கிறது. சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போன எங்கள் பெண்கள் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் வாங்கிவந்த வாட்ச்கள் அவை.

அக்கா கொண்டுவந்தது 7009 இயந்திரம் வைத்தது. அதன் திருகு மூன்று மணிக்கு நேரே இருக்காது. நான்கு மணிப் பக்கம் ஒதுங்கி, பாதி உள்ளே புதைந்திருக்கும். சாவி கொடுக்கவே முடியாது, கை ஆடினால் ஓடும். 1963இல் இந்த வரிசை வந்தபோதே அப்படித்தான் யோசித்திருக்கிறார்கள்: தானாக ஓடவேண்டும், கிழமையும் தேதியும் ஒரே ஜன்னலில் தெரியவேண்டும், தண்ணீர் புகக்கூடாது, திருகு கையில் குத்தக்கூடாது, அடிபட்டாலும் தாங்கவேண்டும். உழைக்கிற கையை மனதில் வைத்துச் செய்த வாட்ச் என்று நான் அதை எப்போதும் சொல்லுவேன். நான் சேர்த்து வைத்திருப்பவற்றில் அதைவிட விலைகூடியவை உண்டு. அதைவிட நன்றாக யோசித்துச் செய்தது இல்லை.

அப்பா அதைக் கட்டியது கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும்தான். மாசி மகத்தில் மாத்தளை முத்துமாரியம்மனின் ஐந்து தேரும் வீதிக்கு வரும்போது அவர் கையில் சீக்கோ இருக்கும். வேலைக்குப் பழைய ரோமர் வாட்ச். 1970 முதல் 77 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு. இருந்த வாட்ச்சைத்தான் திரும்பத் திரும்பப் பழுது பார்த்து ஓட்டினார்கள். இறக்குமதிக் கதவு திறந்த மறு வருஷம் அவர் வாங்கியது அந்த ரோமர். அவர் பெக்டரியில் டீ மேக்கர். சங்கும் தப்பும் மற்றவர்களை எழுப்பும். பெக்டரிக்கு உள்ளே அவர் கைமணிதான் சட்டம். கொழுந்து வாடப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம். ரோலரில் போட்ட நிமிஷத்திலிருந்து நொதிக்கிற கணக்கு ஓடும். கொஞ்சம் பிந்தினாலும் தேநீரின் ருசி மழுங்கிவிடும். இலை வாட்டும் மாடியில் பல்பு வெளிச்சம் மங்கல். வரிசைக்கு நடுவே நின்று சட்டைக் கையை மேலே தள்ளி அவர் மணி பார்ப்பதை நான் கீழிருந்து பார்த்திருக்கிறேன்.

அந்த ரோமரின் டயலை இப்போது லென்ஸ் வைத்துப் பார்க்கிறேன். பால் நிற முகம். முட்கள் குறுவாள் வடிவம்; நடுவே வெட்டி எடுத்து ஒளிரும் பசையை நிரப்பியிருக்கிறார்கள். மணிக்குறிகளுக்கு வெளியே புள்ளி புள்ளியாக அதே பசை. கையால் வைத்த புள்ளிகள், ஒன்றுக்கொன்று அளவு ஒக்காது. எட்டு மணிப் புள்ளி கொஞ்சம் வழிந்திருக்கிறது. ஆறுக்குக் கீழே மயிரிழை எழுத்தில் ‘டி சுவிஸ் மேட் டி’. அந்த இரண்டு ‘டி’யும் டிரிட்டியம். எங்கள் ஊரில் ஒளிர்கிற எல்லாவற்றையும் ரேடியம் என்றுதான் சொன்னோம், ஆனால் ரேடியம் அதற்கு முந்திய தலைமுறை.

ரேடியம் வாட்ச்சைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நியூ ஜெர்சியின் ஆரஞ்ச் நகரத்துப் பெண்கள் நினைவுக்கு வருவார்கள். தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லி, டயலுக்கு ரேடியம் பூச வைத்தார்கள். தாடை எலும்பு அரித்தது. கிரேஸ் ஃபிரையரும் இன்னும் நால்வரும் தொடுத்த வழக்கு 1928இல்தான் சமரசத்தில் முடிந்தது. ரேடியத்தின் அரைவாழ்வு ஏறக்குறைய 1600 வருஷம். பழைய டயல் இருண்டுபோயிருந்தால் ரேடியம் தீர்ந்தது என்று அர்த்தமில்லை. அதன் கதிர் அடித்தடித்து, ஒளி தருகிற சிங்க் சல்பைட்தான் செத்திருக்கும். அதனால் அப்படிப்பட்ட வாட்ச்சைத் திறந்து சுரண்டாதீர்கள், அந்தத் தூசியை மூச்சில் இழுக்காதீர்கள். வாட்ச் சேர்க்கத் தொடங்கும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான்.

டிரிட்டியத்துக்கு அரைவாழ்வு 12.3 வருஷம். 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தின்போது, அப்பாவின் ரோமர் நன்றாகவே ஒளிர்ந்தது. டவுனில் முத்துமாரியம்மன் கோயிலையே எரித்துவிட்டார்கள் என்று செய்தி வந்த இரவு, லயத்திலிருந்து எல்லோரும் தேயிலைச் செடிகளுக்குள் இறங்கினோம். விளக்கில்லை, டோர்ச் அடிக்க முடியாது, அட்டை காலில் ஏறினாலும் பேச்சு மூச்சில்லை. அப்பாவின் கையில் பச்சையாக அந்த வட்டம் மட்டும். அம்மா, “அத மூடுங்க” என்று கையைக் கீழே இழுத்தார். பிறகு அப்பா கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, அதற்குள் மணி பார்த்து எங்களுக்குக் காதில் சொன்னார். இரண்டாச்சு. மூன்றாச்சு. அந்த இரவில் எனக்குத் தைரியம் கொடுத்தது அதுதான், நேரம் நகர்கிறது என்று யாரோ பார்த்துச் சொல்வது.

அரசாங்கம் நேரத்தையே நகர்த்திய காலமும் வந்தது. 1996 மே மாதம், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க நாடு முழுதும் ஒரு மணி நேரம் முன்னே போனது. ஒக்டோபரில் அரை மணி பின்னே. மற்ற அரை மணியும் திரும்பியது 2006 ஏப்ரலில். பழைய நேரமா புது நேரமா என்று கேட்காமல் ஒரு முகூர்த்தம் பேச முடியவில்லை. அப்பா ரோமரைப் பழைய நேரத்திலும் சீக்கோவைப் புது நேரத்திலும் வைத்திருந்தார்.

2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு. மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் என் புதிய சீக்கோ. அதில் இருப்பது ஸ்ட்ரோன்டியம் அலுமினேட், 1990களில் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் கொண்டுவந்த வகை. கதிர்வீச்சு இல்லை; வெளிச்சத்தைக் குடித்துவிட்டு இருட்டில் திருப்பித் தருகிறது. ஜன்னலோரம் வைத்தால் மாலையில் கண் கூசும், போகப் போக மங்கும், இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு விடியும்வரை தெரியும். பச்சையாகவே செய்வதற்கும் காரணம் உண்டு. இருட்டில் நம் கண் அந்த நிறத்தைத்தான் நன்றாகப் பிடிக்கும்.

ரோமரில் இப்போது டிரிட்டியம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பசை பழுத்து, சாயம் இறங்கிய தேநீர் நிறமாகிவிட்டது. மாத்தளை டவுனின் திருகோணமலை வீதியில் வாட்ச் பழுது பார்க்கும் நானா, “தம்பி, புது டயல் அடிச்சி புது பச்ச வெச்சா பளிச்சின்னு இருக்குமே” என்றார். மும்பையிலிருந்து அப்படி டயல் அடித்த சீக்கோக்கள் குவியலாக வருகின்றன: சிவப்பு, நீலம், வாட்ச் பிறந்தபோது இல்லாத நிறங்கள். எனக்கு அவற்றைப் பார்க்கவே வருத்தமாக இருக்கும். யாரோ ஒருத்தர் கையால் வைத்த புள்ளிகளை அழித்துவிட்டு, மேலே யந்திரத்தில் அச்சடித்த முகம். வழிந்துபோன எட்டு மணிப் புள்ளியை எதற்காகவும் இழக்க நான் தயாரில்லை.

நானாவின் மகன் போன் கடை வைத்திருக்கிறார். இவருக்குப் பிறகு எங்கள் ஊரில் பேலன்ஸ் சில்லைத் தொடத் தெரிந்தவர் யாரென்று தெரியவில்லை. இந்த மாதம் எண்ணெய் போட ரோமரைக் கொடுத்திருக்கிறேன். கண்ணாடியை மாற்றலாம், டயலில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.