எரிமலையின் அடிவாரத்தில் ஒரு தடம்: நேப்பிள்ஸ் முதல் சொரெண்டோ வரை

தெற்கு இத்தாலியின் கம்பானியா மாநிலத்தில், நேப்பிள்ஸ் நகரின் பொர்த்தா நோலானா நிலையத்தில் தொடங்கி, வெசுவியஸ் எரிமலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நெருக்கமான நிலத்தின் ஊடாகச் சென்று, ஏறத்தாழ 43 கிலோமீட்டர் தொலைவில் சொரெண்டோவில் முடியும் ரயில் தடம், வெளிநாட்டுப் பயணிகளுக்குத் திரும்பத் திரும்ப எச்சரிக்கை சொல்லப்படும் தடமாகும். எரிமலையைச் சுற்றி அமைந்ததால் சிர்கும்வெசுவியானா எனப் பெயர் பெற்ற, 142 கிலோமீட்டர் நீளமுள்ள புறநகர் ரயில் வலைப்பின்னலின் ஒரு கிளை இது. இதன் தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 950 மில்லிமீட்டர். மீட்டர் கேஜ் பாதையைவிட ஐந்து சென்டிமீட்டர் குறைவு. எனவே பெட்டிகளும் குறுகலானவை. அவற்றில் பள்ளிக்கும் வேலைக்கும் செல்லும் உள்ளூர் மக்களும், பெரிய பயணப் பெட்டிகளோடு வெசுவியஸ் புதைத்த பண்டைய நகரமான பொம்பெய்க்குச் செல்லும் வெளிநாட்டவரும் தோளோடு தோள் உரசி நிற்கின்றனர். கையேடுகள் அந்த நெரிசலில் பணப்பையைக் காத்துக்கொள்வதைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. தடத்தை முனையிலிருந்து முனைவரை பின்தொடர்ந்தால், பயணியின் பாதுகாப்பு என்பது அங்கு நிரந்தரமாக வாழும் மக்களின் பாதுகாப்பிலிருந்து பிரிக்க முடியாதது என்பது தெரியவரும்.

முதலில் பணப்பையையே எடுத்துக்கொள்ளலாம், ஏனெனில் அந்த எச்சரிக்கை பொய்யானதன்று. இரண்டாவது நிலையமான கரிபால்தி, நாடு முழுவதிலுமிருந்து வரும் ரயில்கள் நிற்கும் நேப்பிள்ஸ் மத்திய நிலையத்தின் கீழ்த்தளத்தில் உள்ளது. பெரும்பாலான பயணிகள் அங்கேயே ஏறுகின்றனர், ஆனால் ரயில் தொடக்க நிலையத்திலேயே இருக்கைகள் நிரம்பி வருகிறது. கைவரிசை காட்டுவோர் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தைவிட, கதவு திறந்து மூடும் சில நொடிகளையே தேர்ந்தெடுக்கின்றனர்: ஏறும் கூட்டத்தின் முன்னால் ஒருவர் தயங்கி நிற்பார், பின்னால் வருவோர் தள்ளுவர், பொருள் கைமாறியதும் கதவு மூடுமுன் ஒருவர் இறங்கிவிடுவார். ஆகவே ஒரு நிறுத்தம் பின்னோக்கிப் போய், பொர்த்தா நோலானாவில் ஏறி அமர்ந்துகொள்வது, எத்தனையோ பூட்டுகளையும் மறைவுப் பைகளையும் விடப் பயன்தரும் உபாயம். கோடைப் பருவத்தில் கம்பானியா எக்ஸ்பிரஸ் என்ற பெயரில், குறைந்த நிறுத்தங்களோடும் உறுதி செய்யப்பட்ட இருக்கையோடும், கூடுதல் கட்டணத்தில் இயக்கப்படும் வண்டியும் உண்டு.

இத்தாலியக் குற்றவியல் சட்டம், பிறர் அறியாமல் திறமையாக எடுத்துவிடும் திருட்டையும், கையிலிருந்தோ தோளிலிருந்தோ வெடுக்கென்று பறித்துச் செல்லும் திருட்டையும் வேறுபடுத்திப் பார்க்கிறது. பின்னதை மக்கள் ஸ்கிப்போ என்கின்றனர். ஸ்கூட்டரில் வருவோர் நடைபாதையில் செல்பவரின் பையைப் பறிப்பது அதன் பழக்கமான வடிவம். பையின் வாரை உடலுக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டு விடாப்பிடியாகப் பற்றுபவர் கீழே இழுபட்டுக் காயமடைய நேர்வதால், அந்நிலையில் பொருளை விட்டுவிடுவதே நலம். 2022-இன் இறுதியில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்திற்குப் பிறகு, முன்னதான கைத்திருட்டில் பொதுவாகப் பாதிக்கப்பட்டவர் முறைப்படி புகார் கொடுத்தால்தான் வழக்கு நடக்கும். அதற்கு மூன்று மாத அவகாசம் உண்டு. விமானத்தைப் பிடிக்கும் அவசரத்தில் புகார் கொடுக்காமல் போகும் அயல்நாட்டவர், காப்பீட்டுத் தொகைக்கும் புதிய கடவுச்சீட்டுக்கும் தேவையான சான்றை இழப்பதோடு, நாள்தோறும் அதே பெட்டியில் செல்ல வேண்டிய உள்ளூர்ப் பயணிக்கு எதிராக அதே கை மீண்டும் நீளவும் வழிவிடுகின்றனர். காவல் துறையினரிடமோ, கராபினியேரி எனப்படும் படைப்பிரிவுக் காவலரிடமோ புகார் அளிக்கலாம்; எல்லா அவசரத்திற்கும் பொதுவான தொலைபேசி எண் 112.

திருட்டைப் போலவே வேலைநிறுத்தங்களும் இத்தடத்தில் புதுமையல்ல. 1990-ஆம் ஆண்டின் 146-ஆம் எண் சட்டம், பொதுப் போக்குவரத்தில் வேலைநிறுத்தத்திற்குக் குறைந்தது பத்து நாள் முன்னறிவிப்பையும், காலையிலும் மாலையிலும் சில மணி நேரம் கட்டாயச் சேவையையும் வலியுறுத்துவதால், அறிவிப்பைப் பார்த்து வைப்பவர் நடுவழியில் சிக்குவதில்லை.

நகரின் கிழக்கு விளிம்பில் சான் ஜொவான்னி அ தெதூச்சோவைத் தொட்டதும் ரயில், கையேடுகள் பெரும்பாலும் குறிப்பிடாத ஓர் எல்லையைக் கடந்துவிடுகிறது. அங்கிருந்து பொம்பெய் வரையுள்ள நிலையங்கள் அனைத்தும் சிவப்பு மண்டலத்தில், அதாவது எரிமலை வெடிப்பதற்கு முன்பே மக்களை முழுமையாக வெளியேற்றியாக வேண்டும் என்று அரசு வரையறுத்த பகுதியில் அமைந்தவை. 25 நகராட்சிகளின் நிலத்தில் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் வாழும் இம்மண்டலத்திற்கு வகுக்கப்பட்ட திட்டம், 72 மணி நேரத்தில் வெளியேற்றத்தை முடிக்கக் கருதுகிறது: ஏற்பாட்டிற்கு 12 மணி, புறப்பாட்டிற்கு 48 மணி, எதிர்பாராத தடங்கலுக்கு 12 மணி. ஒவ்வோர் ஊரும் நாட்டின் வேறொரு மாநிலத்தோடு இணைக்கப்பட்டுள்ளது. போர்த்திச்சியின் மக்களைப் பியெமொந்தேயும், பொம்பெயின் மக்களைச் சார்தீனியாவும் ஏற்கும். 1841-இல் நிறுவப்பட்ட, உலகின் மிகப் பழைய எரிமலை ஆய்வகமான வெசுவியஸ் ஆய்வகம், நில அதிர்வையும் தரையின் புடைப்பையும் வாயுக்களையும் இடைவிடாமல் அளந்துவருகிறது. அவ்வளவுகளின் அடிப்படையில் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என நான்கு நிலைகள் அறிவிக்கப்படுகின்றன. செம்மஞ்சள் நிலையில் மருத்துவமனைகள் காலி செய்யப்படும். விரும்பும் மக்களும் வெளியேறலாம். 1944 மார்ச்சுக்குப் பின் வெசுவியஸ் வெடிக்கவில்லை, அதன் நிலை பச்சையாகவே உள்ளது. நேப்பிள்ஸின் மேற்கிலுள்ள காம்பி பிளெக்ரேய் எரிமலைப் பகுதிதான் 2012 டிசம்பர் முதல் மஞ்சளில் இருக்கிறது. ஒரு நாள் வந்து திரும்பும் பயணி அஞ்சி நடுங்க இதில் எதுவும் இல்லை. ஆயினும், தங்கப்போகும் நாளில் நிறம் எது என்பதைப் பார்ப்பது, விடுதியின் நட்சத்திரங்களை எண்ணுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.

1839-இல் இத்தாலியின் முதல் ரயில் பாதை நேப்பிள்ஸிலிருந்து வந்து முடிந்த ஊர் போர்த்திச்சி. அதைவிடப் பழைய செய்தி ஒன்றும் அவ்வூரில் உண்டு: 1631 டிசம்பரில் நேர்ந்து ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற வெடிப்பிற்கு மறு ஆண்டு, அன்றைய ஸ்பானிய ஆட்சியாளர் தெருவோரத்தில் நிறுத்திய இலத்தீன் கல்வெட்டு. மலை முன்னறிகுறி காட்டியே வெடிக்கும், அப்போது வீட்டையும் பொருளையும் எண்ணித் தாமதிக்காமல் ஓடிவிட வேண்டும் என்று வருங்காலத் தலைமுறையை நோக்கி அது சொல்கிறது. அதைச் சுற்றிலும் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன என்பதிலிருந்து, கல்லில் வெட்டப்பட்ட அறிவுரைக்கும் எல்லை உண்டு என்றே கொள்ள வேண்டியுள்ளது.

அடுத்துள்ள எர்கோலானோ, கி.பி. 79-இல் வெசுவியஸ் வெடித்தபோது புதைந்த ஹெர்குலேனியத்தின் மேல் அமர்ந்த ஊர். பண்டைய கடற்கரையை ஒட்டிய வளைவுக் கூரையுள்ள படகுக் கொட்டில்களில், 1980 முதல் நடந்த அகழாய்வுகளில் ஏறத்தாழ 300 பேரின் எலும்புக்கூடுகள் கண்டெடுக்கப்பட்டன; கடல்வழியாக மீட்பு வரும் என்று காத்திருந்தவர்கள் அவர்கள் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. எரிமலை வாய்க்குச் செல்லும் பேருந்துகளும் இந்நிலையத்திலிருந்தே புறப்படுகின்றன. மலையுச்சிக்கான நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்க வேண்டும் என்பதை அறியாதவர்கள், மேலே போய்த் திரும்ப நேரிடுகிறது. 1281 மீட்டர் உயரமுள்ள மலையின் வாய் விளிம்பில், உதிரும் சாம்பற்கற்களின் மேல் போடப்பட்ட பாதை வேலிக்குள் இருக்கும்வரை எளிதானதே. 2022 ஜூலையில், மூடப்பட்ட வேறொரு தடத்தில் ஏறிய வெளிநாட்டவர் ஒருவர், விழுந்த கைபேசியை எடுக்கப்போய் வாய்க்குள் சறுக்கினார். மலை வழிகாட்டிகள் கயிறு கட்டி இறங்கி மீட்டனர். காட்டுத்தீயும் இங்கு மெய்யான ஆபத்து. 2017-இலும் 2025-இலும் கோடைக்காலத் தீ மலைச்சரிவைப் பெரிதும் எரித்தது.

பவளக் கைவினைக்குப் பேர்போன தொர்ரே தெல் கிரேக்கோ 1794-இல் எரிமலைக் குழம்பில் மூழ்கி மீண்டும் எழுந்த ஊர். அதைக் கடந்து, தொர்ரே அன்னுன்சியாத்தாவில் கிளைகள் பிரிகின்றன. பொம்பெய்க்குப் போக நினைத்துப் மறு கிளையில் பொஜ்ஜோமரீனோ என்ற ஊருக்குச் செல்லும் வண்டியில் இருந்துவிடுவோர், தொல்லியல் வளாகத்தின் மறுபக்கமுள்ள வேறொரு பொம்பெய் நிலையத்தில் இறங்க நேரிடும். வண்டியின் முகப்பில் சொரெண்டோ என்ற பெயர் உள்ளதா என்பதைப் பார்த்து ஏறி, வில்லா தெய் மிஸ்தேரி நிலையத்தில் இறங்கினால், பொர்த்தா மரீனா வாயில் எதிரிலேயே உள்ளது.

பொம்பெயில் பயணியை வீழ்த்துவது பெரும்பாலும் வெயில்தான். தோண்டி எடுக்கப்பட்ட நகரத்தில் கூரைகள் குறைவு, மரங்கள் அரிது, எரிமலைக் கல் பாவிய தெருக்கள் வெப்பத்தை உள்வாங்கித் திருப்பி உமிழ்கின்றன. வழவழப்பான அக்கற்களில் கால் பிசகுவதும் சுளுக்குவதும் நாள்தோறும் நிகழ்பவை. இந்தியக் கோடைக்குப் பழகியவர்கள் இதைச் சிறிதாக எண்ணுவது இயல்பு. ஆனால் ஊரில் அவர்கள் நண்பகலில் நிழலைத் தேடுபவர்களே அன்றி, நான்கு மணி நேரம் திறந்த வெளியில் நடப்பவர்கள் அல்லர். வளாகத்திலுள்ள குடிநீர்க் குழாய்களில் குப்பியை நிரப்பிக்கொள்ளலாம். 2024 நவம்பர் முதல் ஒரு நாளுக்கு 20,000 பார்வையாளர் என வரம்பு விதிக்கப்பட்டு, சீட்டில் பெயர் பொறிக்கப்படுவதால், நிலைய வாசலில் அவசரப்படுத்திச் சீட்டு விற்போரிடம் வாங்குவது இப்போது இரட்டிப்புத் தவறு.

பொம்பெய்க்கு அப்பால் சிவப்பு மண்டலம் பின்தங்குகிறது. அடுத்து வரும் காஸ்தெல்லம்மாரே தி ஸ்தாபியா, பண்டைய ஸ்தாபியே என்னும் ஊர். கி.பி. 79-இல் கப்பற்படையோடு மக்களை மீட்கப் புறப்பட்ட உரோமக் கப்பற்படைத் தலைவர் மூத்த பிளினி, காற்று எதிராக வீசியதால் மீள முடியாமல் இறந்தது இக்கரையில்தான். இந்நிலையத்திலிருந்து ஃபைத்தோ மலைக்கு 1952-இல் அமைக்கப்பட்ட கம்பிவட ஊர்தி, 2025 ஏப்ரல் 17 அன்று, பருவத்திற்காக மீண்டும் இயங்கத் தொடங்கிய சில நாள்களில், இழுவடம் அறுந்து விபத்துக்குள்ளானது. இழுவடம் என்பது ஊர்தியை மேலும் கீழும் இழுக்கும் கம்பி. அதைத் தாங்கி நிற்கும் வடம் வேறு. கீழே இருந்த ஊர்தியிலிருந்தவர்கள் இறக்கப்பட்டுத் தப்பினர், மேலே இருந்தது விழுந்து, ஊழியர் ஒருவரும் பயணிகள் மூவரும் இறந்தனர். எந்தக் கையேட்டின் அறிவுரையாலும் தவிர்த்திருக்க முடியாத மரணங்கள் இவை. வடத்தை யார், எப்போது, எவ்வளவு கவனமாகச் சோதித்தனர் என்பதையே அங்கு எல்லாம் சார்ந்திருந்தது. அந்தச் சோதனையைத் தொடர்ந்து கேட்டு வற்புறுத்தும் நிலையில் இருப்பவர்கள் அவ்வூர் மக்களே.

இதற்கு மேல் தடம் சுண்ணாம்புப் பாறை மலைகளைக் குடைந்த சுரங்கங்களுள் நுழைந்து, வீக்கோ எக்குவென்சேயில் ஒரு கணம் கடலைக் காட்டி மறைகிறது. 1948-இல் திறக்கப்பட்ட இப்பகுதி ஒற்றைத் தடமாதலால், எதிர் வண்டிக்கு வழிவிட நிலையங்களில் நிற்பதும் தாமதமாவதும் வழக்கம். மேத்தாவில் அமால்ஃபி கடற்கரைச் சாலையான 163-ஆம் எண் தேசியச் சாலை பிரிகிறது. இருபுறமும் பேருந்துகள் ஒதுங்க இடமில்லாத வளைவுகளைக் கொண்ட அச்சாலையில், 2022 முதல் நெரிசல் மிக்க நாள்களில் வெளியூர் வண்டிகள் எண்பலகையின் கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பதைப் பொறுத்தே அனுமதிக்கப்படுகின்றன. வாடகை ஸ்கூட்டரை அங்கே முதன்முறையாக ஓட்டிப் பார்ப்பது, நேப்பிள்ஸ் பெட்டியில் பணப்பையைத் திறந்து வைத்திருப்பதைவிடப் பன்மடங்கு துணிச்சலான செயல்.

கடைசி நிலையமான சொரெண்டோ செங்குத்துப் பாறையின் மேல் உள்ளது. துறைமுகத்திற்கு மின்தூக்கியிலோ வளைந்த சாலையிலோ இறங்கிப் போக வேண்டும். அங்கிருந்து நேப்பிள்ஸுக்கு விரைவுப் படகுகள் உண்டு என்பதால், பலர் ரயிலில் வந்து படகில் திரும்பத் திட்டமிடுகின்றனர். கடல் கொந்தளிக்கும் நாளில் படகுகள் நிறுத்தப்பட்டு, அக்கூட்டம் முழுவதும் ரயில் நிலையத்திற்கே ஏறி வருகிறது. அத்தகைய மாலையில் கடைசி வண்டிக்குக் காத்திராமல், வேலை முடிந்து திரும்பும் உள்ளூர் மக்களோடு முன்னதாகவே ஏறிவிடுபவருக்கு இருக்கையும் கிடைக்கும், கரிபால்தியில் இறங்கும்போது கடைகளும் திறந்திருக்கும்.