குழியில் கொட்டிய உப்பு

மரக்காணத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு குப்பைக்குழி இருந்தது. மீன் குடல், வாழை மட்டை, சவுக்குச் சருகு எல்லாம் அதில்தான் போகும். ஒரு மாசியில் வீட்டில் விசேஷம். நாற்றமும் புழுவும் சொந்தக்காரர் கண்ணில் படக்கூடாதே என்று, அளத்திலிருந்து இரண்டு மூட்டை அழுக்கு உப்பை வாங்கிவந்து குழியில் கொட்டினேன். சில நாளில் ஈயும் இல்லை, வாடையும் இல்லை. நல்ல காரியம் செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

ஆடிப்பட்டத்துக்கு எரு அள்ள மண்வெட்டி போட்டேன். வாழை மட்டை நார் பிரியாமல் கிடந்தது. சங்கரா மீன் தலை ஒன்று, செதிலோடு, கருவாடாய் இறுகி வெளியே வந்தது. அளத்து வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டு ஆயா எட்டிப் பார்த்தார்.

“மீனு கெடாம இருக்கத்தானே உப்பு போடறோம்? குப்பை மட்டும் எப்படிம்மா மக்கும்?”

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. நான் கொட்டியதோ மூட்டைக் கணக்கு. அவ்வளவு உப்பு பாக்டீரியா, பூஞ்சை இவற்றின் உடம்பு நீரை உறிஞ்சிவிடும். மண்புழு ஈரத்தோலால் மூச்சுவிடுவது. அதற்கும் கதி இல்லை. உப்பளப் பாத்தி நீரை ரோஸ் நிறமாக்கும் நுண்ணுயிர்கள் உப்பிலேயே வாழ்பவை, ஆனால் வாழை மட்டையை மக்கவைக்க அவை போதாது. இலைக்குள் பூட்டிக் கிடக்கும் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் அவிழ்த்து வேருக்குக் கொடுப்பவர்களை, அருவருப்பால் நானே கொன்றிருக்கிறேன். இன்றும் உறுத்துகிறது.

அந்த ஐப்பசி மழைக்குப் பிறகு, கழுவெளி கடலோடு கலக்கும் முகத்துவாரப் பக்கம் போனேன். 2021-இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024-இல் ராம்சார் தளமாகவும் அறிவிக்கப்பட்ட சதுப்பு அது. கால் வைத்ததும் கறுப்புச் சேற்றிலிருந்து அழுகிய முட்டை வாடை. காற்றுப் புகாத சேற்றுக்குள், கடல்நீரின் சல்பேட்டைக் கொண்டு நுண்ணுயிர்கள் மக்கலைச் செரிக்கும் வாடை. முன்பென்றால் மூக்கைப் பொத்தியிருப்பேன். அன்று குந்தி உட்கார்ந்து பார்த்தேன். ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த நண்டு, சின்னக் கொடுக்கால் சேற்றை அள்ளி வாயில் வைத்தது. உணவைச் சலித்துக்கொண்டு, மீதியைக் கடுகுபோல் உருட்டி வைத்தது. அந்த நண்டைத் தேடித்தான் கொக்கும் உள்ளானும் அங்கே இறங்குகின்றன.

புதுக்குழியை வேப்பமரத்தடியில் வெட்டி, சாணிக்கரைசல் ஊற்றித் தொடங்கினேன். மார்கழி விடியலில் கைவிட்டால் உள்ளே கதகதவென்றிருக்கிறது. பழைய குழியை மூடிய இடத்தில் புல் வரவில்லை. போன தையில் நாலு உமரிச்செடி முளைத்திருந்தது. பிடுங்கவில்லை.