கடலில் சொல்லக் கூடாத பெயர்கள்

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். பிரெஞ்சு மாலுமிகள் கப்பலில் முயல் என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டார்கள், 'நீளக் காதுக்காரன்' என்றுதான் சொல்வார்கள் என்று வாத்தியார் ஒருநாள் சொன்னார். வகுப்பே சிரித்தது. வீட்டுக்கு வந்து ஆயாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "ராத்திரியில நாம பாம்பைப் பூச்சின்னுதானேடா சொல்றோம்" என்றாள்.

ஓய்வு பெற்ற பிறகு ஷெட்லாந்துத் தீவுகளைப் பற்றிப் படித்தபோது ஆயா நினைவுக்கு வந்தாள். ஸ்காட்லாந்துக்கும் வடக்கே இருக்கும் தீவுகள் அவை. 1469-ல் டென்மார்க் அரசர், மகளின் சீதனத்துக்கு ஈடாக அவற்றை ஸ்காட்லாந்திடம் அடகு வைத்தார். மீட்கவே இல்லை! அங்கே பேசப்பட்ட நோர்ன் என்ற மொழி கொஞ்சங் கொஞ்சமாகத் தேய்ந்து, 1850 வாக்கில் அதைப் பேசுவோர் இல்லாமல் போனார்கள்.

ஆனால் கரையில் செத்த மொழி கடலில் மிச்சம் இருந்தது. ஆறு துடுப்புப் படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள், கரையில் வழங்கும் பெயர்கள் சிலவற்றை அங்கே சொல்லக் கூடாது. சொன்னால் ஆபத்து வரும் என்ற பயம். பாதிரியார் என்று சொல்லாமல் 'அப்ஸ்டாண்டர்' என்பார்கள். எழுந்து நிற்பவர் என்று பொருள். சர்ச்சுக்கு 'பெனிஹூஸ்', அதாவது ஜெப வீடு. பூனைக்கும் வேறு பெயர்தான். இப்படிப்பட்ட சொற்கள் பலவும் பழைய நோர்ன். நன்னூலில் மங்கலம், குழூஉக்குறி என்று இரண்டு படிக்கிறோமே, இரண்டும் ஒரே படகில் இருந்திருக்கின்றன.

1881 ஜூலையில் ஒரே புயலில் பத்துப் படகுகள் கவிழ்ந்து 58 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அந்த மீன்பிடிப்பே படிப்படியாக ஒடுங்கியது. படகு போனால் படகுப் பேச்சு எங்கே நிற்கும்?

1893-ல் யாகோப் யாகோப்சென் என்பவர் அங்கே வந்தார். அவரும் தீவுக்காரர்தான், பக்கத்து ஃபாரோ தீவுகள். அவருடைய தாய்மொழி நோர்னுக்கு நெருங்கிய உறவு. அதனால் கிழவர்கள் சொல்லச் சொல்ல அவர் காதுக்குப் பிடிபட்டது. இரண்டு வருஷம் வீடு வீடாக அலைந்து, சுமார் பத்தாயிரம் சொற்களைத் திரட்டி அகராதி போட்டார். சின்னது என்பதற்குப் 'பீரி' என்று ஷெட்லாந்தில் இன்றும் சொல்கிறார்கள். கடல் சொற்களில் பெரும்பாலானவை அகராதியோடு சரி.

ஆயா விளக்கை அணை என்று சொல்ல மாட்டாள், 'அமர்த்து' என்பாள். இன்னும் என்னென்னவோ சொல்வாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் பிரெஞ்சு டிக்தே எழுதிப் பழகினேன். அவள் சொன்னதில் ஒன்றைக்கூட எழுதி வைக்கவில்லை.